பெயரின் வாலைப் பார்த்துத் திறக்கும் கணினி

போன மாதம் சித்தி ஃபோன் செய்தார். "படம் போச்சு கண்ணா. பேர்தான் மாத்தினேன், அப்புறம் திறக்கவே மாட்டேங்குது." பேத்தியின் காதுகுத்துப் படம். கேமரா வைத்த பெயர் வெறும் எண்களாக இருந்ததால், முழுவதையும் அழித்துவிட்டு 'காதுகுத்து' என்று தட்டியிருக்கிறார். பெயரின் எக்ஸ்டென்ஷன் மாறினால் கோப்பு பயன்படாமல் போகலாம், மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. சித்தி 'ஆம்' என்று அழுத்திவிட்டார். படத்தின் சின்னம் வெள்ளைத் தாளாகிவிட்டது. டபுள் கிளிக் செய்தால், எதில் திறக்கட்டும் என்று கணினி அவரையே கேட்கிறது.

படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான பைட்டுகளில் ஒன்றுகூட மாறவில்லை. பழைய பெயரின் கடைசியில் 'டாட் ஜேபிஜி' என்று ஒரு வால் இருந்தது. எக்ஸ்டென்ஷன் என்பது அதுதான். அது போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் விண்டோஸ் அந்த வாலை மட்டும்தான் பார்க்கிறது.

டபுள் கிளிக் செய்ததும் நடப்பது இது. விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில், அதாவது தன் அமைப்புகளையெல்லாம் குறித்துவைத்திருக்கும் பெரிய பதிவேட்டில், அந்த வாலைத் தேடுகிறது. 'டாட் டிஎக்ஸ்டி' என்று தேடினால் நோட்பேடின் பெயர் நேராகக் கிடைக்காது. 'டிஎக்ஸ்டி ஃபைல்' என்று ஒரு வகைப்பெயர் கிடைக்கும். அந்த வகைக்குப் பதிவேட்டில் தனியிடம் உண்டு: என்ன சின்னம் காட்டுவது, திறக்க எந்தக் கட்டளை, அச்சிட எந்தக் கட்டளை என்றெல்லாம் அங்கே இருக்கும். திறக்கும் கட்டளையில் நோட்பேட் எங்கே இருக்கிறது என்ற விலாசமும், கோப்பின் பெயரை நிரப்புவதற்கு ஓர் இடமும் இருக்கும். பெயரை அதில் நிரப்பிக் கட்டளையை ஓட்டினால் கோப்பு திறந்துவிடும். நடுவில் வகைப்பெயர் எதற்கு என்றால், ஜேபிஜி, ஜேபிஇஜி என்று இரண்டு வால்கள் ஒரே வகையைக் காட்டலாம். கட்டளையை ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

இதற்கெல்லாம் மேலே நம் விருப்பம் தனியாகப் பதிவாகிறது. முன்பெல்லாம் புதிதாக நிறுவும் மென்பொருள் எதுவும், நம்மைக் கேட்காமலே பாட்டு, படம் எல்லாவற்றின் வாலையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 அதற்கு ஒரு பூட்டுப் போட்டது. நாம் தேர்ந்த மென்பொருளின் பெயரோடு, கணக்கிட்டு எடுத்த ஒரு முத்திரை எண்ணும் சேர்ந்து பதிவாகும். வேறொரு நிரல் பெயரை மட்டும் மாற்றினால் எண் ஒத்துப்போகாது. விண்டோஸ் அந்தப் பதிவை ஏற்காது.

வாலை நம்பும் வழக்கம் விண்டோஸுக்கு முன்பே இருந்தது. 1970களின் சிபி/எம் இயங்குதளத்தில் பெயருக்கு 8 எழுத்து, வகைக்கு 3 எழுத்து. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஜேபிஇஜி என்பது ஜேபிஜி என்று சுருங்கியதும் அந்த 3 எழுத்துக் கணக்கால்தான். 1995-இல் விண்டோஸ் நீளமான பெயர்களை அனுமதித்தது, ஆனாலும் வால் போகாமல் நிலைத்துவிட்டது.

1984-இல் வந்த மேக்கின்டாஷ் வேறு வழியில் போனது. கோப்பின் பெயரைத் தொடவில்லை. பெயருக்கு வெளியே, வட்டின் கோப்புப் பட்டியலில், நாலு நாலு எழுத்தாக இரண்டு குறிகளை வைத்தது. ஒன்று இது என்ன வகை என்று சொல்லும். மற்றது இதைப் படைத்த மென்பொருள் எது என்று சொல்லும். ஒரே வகையான இரண்டு கோப்புகள், அவற்றைச் செய்த வெவ்வேறு மென்பொருள்களில் தாமாகவே திறக்கும். பெயரை எப்படி மாற்றினாலும் கவலையில்லை. எனக்கு இன்றும் இதுதான் அழகான தீர்வாகத் தெரிகிறது. ஆனால் கோப்பு வேறு வகைக் கணினிக்குப் போனதும் அந்தக் குறிகள் உதிர்ந்துவிடும். இணையம் வந்தபிறகு, ஊர்விட்டு ஊர் போகாத கோப்பு எது? இன்றைய மேக்கும் பெரும்பாலும் வாலைத்தான் பார்க்கிறது.

மூன்றாவது வழி, கோப்பையே திறந்து பார்ப்பது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் இதற்கென்றே 'ஃபைல்' என்ற கட்டளை 1973 முதல் இருக்கிறது. பெரும்பாலான கோப்பு வகைகள் தம் முதல் சில பைட்டுகளில் ஓர் அடையாளத்தைச் சுமக்கின்றன. 'மேஜிக் எண்' என்பார்கள். பிடிஎஃப் ஒரு சதவீதக் குறியோடும் 'பிடிஎஃப்' என்ற எழுத்துகளோடும் தொடங்கும். விண்டோஸின் இஎக்ஸ்இ நிரல்கள் 'எம், இஸட்' என்று தொடங்கும். டாஸை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள் அவை. பல கோப்புகளைச் சுருக்கி ஒரே பொட்டலமாகக் கட்டும் ஸிப் கோப்பின் 'பி, கே' அதை உருவாக்கிய ஃபில் காட்ஸ்.

இவற்றில் பிஎன்ஜி படத்தின் 8 பைட்டுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒரு பைட்டில் 0 அல்லது 1 ஆக இருக்கும் எட்டு பிட்டுகள் உண்டு. முதல் பைட்டில் எட்டாவது பிட் வேண்டுமென்றே 1 ஆக வைக்கப்பட்டிருக்கிறது. 7 பிட்டுகளை மட்டும் கடத்தும் பழைய வழியில் படம் போயிருந்தால் அது 0 ஆகியிருக்கும். அடுத்து 'பிஎன்ஜி' என்ற மூன்று எழுத்துகள். அப்புறம் வரியை முடிக்கும் குறிகள், விண்டோஸ் பாணியில் ஒன்று, யூனிக்ஸ் பாணியில் ஒன்று. வழியில் யாராவது இதை எழுத்துக் கோப்பு என்று நினைத்து வரிமுடிவுகளை மாற்றியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். வகை என்ன என்பதோடு, வழியில் அடிபட்டதா என்பதையும் அந்த 8 பைட்டுகளே சொல்லிவிடுகின்றன.

அப்படியானால் எல்லாக் கணினிகளும் உள்ளேயே பார்க்கலாமே? ஆயிரம் படம் உள்ள ஃபோல்டரில் சின்னம் காட்டுவதற்கு ஆயிரம் கோப்புகளைத் திறக்க வேண்டியிருக்கும். பெயரோ பட்டியலிலேயே இருக்கிறது. இன்னொரு சிக்கல், வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொட்டலம். அதுவும் 'பி, கே' என்றுதான் தொடங்கும். மின்னூலான ஈபப்பும் ஸிப்தான். அதனால் ஈபப், தான் என்ன வகை என்று சொல்லும் ஒரு குட்டிக் கோப்பைப் பொட்டலத்தின் முதல் பொருளாக, சுருக்காமல் வைத்துக்கொள்கிறது. வெறும் எழுத்துக் கோப்புக்கோ அடையாளமே கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய தமிழ்க் கோப்புகள் சரியான மென்பொருளில் திறந்தும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவது இதனால்தான். எந்த எழுத்துருவுக்காக எழுதினார்கள் என்று கோப்பு சொல்வதில்லை.

லினக்ஸ் இயங்குதளம் பொதுவாக இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. முதலில் வால், அதில் பதில் கிடைக்காவிட்டால் மேஜிக் எண். சித்தியின் படம் அங்கே வாலில்லாமலே திறந்திருக்கும்.

வாலை நம்புவதைவிட ஆபத்து, அதை மறைத்துவைப்பது. தெரிந்த வகையாக இருந்தால் வாலைக் காட்டாமல் விடுவது விண்டோஸின் இயல்பு அமைப்பு. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ் இதைத்தான் பயன்படுத்தியது. மின்னஞ்சலில் வந்த காதல் கடிதத்தின் பெயர் 'டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ்' என்று முடிந்தது. கடைசி வால் மறைந்திருந்ததால் மனிதர்கள் எழுத்துக் கோப்பு என்று நினைத்தார்கள். விண்டோஸ் கடைசி வாலைப் பார்த்தது, நிரல் என்று புரிந்துகொண்டது, ஓட்டியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சலை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. கணினி பார்க்கும் பெயரும் நாம் பார்க்கும் பெயரும் வேறாக இருக்கக் கூடாது. விண்டோஸ் 11-இல் 'வியூ' பட்டியலில் 'ஷோ' என்பதற்குள் போனால் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று இருக்கும். உங்கள் வீட்டுக் கணினியில் இன்றே அதைப் போட்டுவிடுங்கள்.

சித்தியின் கணினியில் அதைப் போட்டுவைத்தது நான்தான். வால் கண்ணில் பட்டதால்தான் அவர் அதை அழித்தார். ஆனாலும் அதை எடுத்துவிட நினைக்கவில்லை. அழிந்த வாலைத் திரும்ப ஒட்டிவிடலாம், ஓடிய வைரஸை என்ன செய்வது?

படத்தை நோட்பேடில் திறக்கச் சொன்னேன். "ஒரே கிறுக்கலா இருக்கு" என்றார். முதல் வரியில் படிக்கிற மாதிரி எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இ, எக்ஸ், ஐ, எஃப்... இதுவா?" அதுதான். எடுத்த நாள், கேமரா விவரம் எல்லாவற்றையும் ஜேபிஜி படத்தின் தொடக்கத்தில் கேமரா எழுதிவைக்கும் பகுதியின் பெயர் எக்ஸிஃப். சேமிக்காமல் மூடச் சொல்லிவிட்டு, 'காதுகுத்து' என்பதற்குப் பின்னால் ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் சேர்க்கச் சொன்னேன்.

"வந்துட்டா!" என்றார் சித்தி. "அழுதுட்டே இருக்கா பாரு."