மூட்டை மூட்டையாகப் போட்டும் மண் ஏன் பசியோடு இருக்கிறது?

மண் பரிசோதனைக்கு வரும் பொட்டலங்களோடு ஒரு கேள்வியும் சேர்ந்தே வரும். போன மாதம் நீலகிரியின் கேத்தி பாலாடாவிலிருந்து வந்த ஒரு அண்ணாவும் அதையேதான் கேட்டார். "மேடம், போன போகத்தைவிட ரெண்டு மூட்டை காம்ப்ளக்ஸ் உரம் கூடவே போட்டேன், கேரட் ஏன் விரல் அளவுக்கு மேல பெருக்கல?" அவர் மண்ணின் பி.எச். 4.7; ஏழுக்குக் கீழே இறங்க இறங்க மண் புளிப்பு என்று அர்த்தம். இன்னும் நாலு மூட்டை போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் அண்ணா என்றேன்.

நீலகிரி மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதிகம். மண்ணில் புளிப்பு ஏற ஏற இவை இரண்டும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்கு விடாது. பயிர் வாடுகிறதே என்று இன்னும் யூரியா போடுகிறோம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. புளிப்பு இன்னும் ஏறும், மணிச்சத்து இன்னும் பூட்டிக்கொள்ளும், அப்புறம் மறுபடியும் காம்ப்ளக்ஸ். வருடக்கணக்கில் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட தோட்டங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அவலாஞ்சி பக்கம் ஒரு சோலைக்காட்டுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே யாரும் ஒரு பிடி உரம் போட்டதில்லை. இலை விழுகிறது, பூஞ்சையும் புழுவும் அதை மெதுவாக மக்க வைக்கின்றன, மண்ணுக்கு மேலேயே பாய் போலப் பின்னிக் கிடக்கும் வேர்கள் மழைத்தண்ணீர் அடித்துப் போவதற்குள் பெரும்பகுதிச் சத்தை வாங்கி மரத்துக்கு ஏற்றிவிடுகின்றன. அதனால்தான் சோலை ஓடையில் தண்ணீர் அவ்வளவு தெளிவு.

நம் தோட்டத்தில் அந்த வட்டம் அறுந்துவிட்டது. கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி அங்கிருந்து சென்னை வரை போகிறது, அதிலிருக்கும் மணிச்சத்து கடைசியில் ஏதோ ஒரு ஊரின் சாக்கடையில் சேர்கிறது, மலைக்குத் திரும்புவதில்லை. ஈடுகட்ட, கடல் தாண்டி வரும் பாறையில் செய்த உரத்தையும் சமவெளியிலிருந்து லாரியில் ஏறி வரும் கோழி எருவையும் நம்புகிறோம். தழைச்சத்துக்குக் காற்றுண்டு, காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். மணிச்சத்துக்கு அந்த வழி இல்லை. கடலடியில் படிந்துவிட்டால் அது மறுபடி பாறையாகி மேலே வர கோடிக்கணக்கான வருடங்கள் ஆகும்.

விளைச்சலோடு போவது ஒரு பக்கம், மழையோடு போவது இன்னொரு பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அவ்வளவு வேண்டாம், சாதாரண ஐப்பசி மழையே போதும். பாத்தியை மேலிருந்து கீழாக எடுத்திருந்தால் நைட்ரேட் கரைந்தும், மணிச்சத்து மண்ணோடு ஒட்டியும் இறங்கிவிடும். கேரட் கழுவும் மெஷினிலிருந்து செந்நிறமாக ஓடுகிறதே, அதுவும் உங்கள் மேல்மண்தான். எல்லாம் ஓடை வழியாகப் பவானிக்குப் போகிறது. தேங்கிய நீரில் சத்து கூடினால் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டி, அவை அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகிறது. பழியை விவசாயி மேல் மட்டும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஊட்டி ஏரிக்குக் கோடப்பமந்து கால்வாய் கொண்டு வருவது நகரத்தின் கழிவுநீர்.

தோட்டத்துக்குக் கீழே ஊற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் அதில் நைட்ரேட் பார்த்துவிடுங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை, அதைத் தாண்டிய தண்ணீரில் பால்பவுடர் கலக்கிக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து.

சரி, என்ன செய்யலாம்? பரிசோதனை சொல்லும் அளவுக்குப் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத்தூள் போடுங்கள், பூட்டிக்கிடக்கும் மணிச்சத்தில் ஒரு பகுதி அதிலேயே பயிருக்குக் கிடைக்கும். அதே நாளில் யூரியா மட்டும் வேண்டாம், தழைச்சத்து ஆவியாகிவிடும். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் வானத்தைப் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள். கோழி எருவை நன்றாக மக்க வைத்துப் போடுங்கள். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே எடுத்து, ஓரத்தில் ஒரு வரிசை புல் விடுங்கள். கேரட் கழுவிய தண்ணீரைக் குழியில் தேக்கினால் அடியில் படியும் வண்டலை அள்ளித் தோட்டத்திலேயே போடலாம். அந்த அண்ணா இப்போது குழி வெட்டியிருக்கிறார்.

அடுத்த முறை மண் கொண்டு வரும்போது மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒன்றாகக் கலக்காமல், தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டு வாருங்கள்.