தங்கமீனும் தலைப்புச் செய்திகளும்

மனிதனின் கவனம் எட்டு நொடிதான் நிற்கிறது, தங்கமீனுக்கோ ஒன்பது நொடி என்று 2015-ல் ஒரு செய்தி ஊரெல்லாம் சுற்றியது. மைக்ரோசாஃப்ட்டின் கனடா பிரிவு வெளியிட்ட அறிக்கையில் இருந்த எண்கள் அவை. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பிற்பாடு பிபிசி துருவிப் பார்த்தபோது, உருப்படியான ஆய்வு எதுவும் சிக்கவில்லை. இன்றும் யாராவது எனக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் தலைப்பை மட்டும் படித்துவிட்டு அனுப்புகிறார்கள் என்பதால், மனிதனைப் பற்றிய பாதி உண்மையோ என்னவோ!

நான் கால்நடை மருத்துவர். நாய், பூனைக்கு நடுவே மீன்களும் வரும். வீடு மாறிப்போன ஒருவர் விட்டுச் சென்ற தங்கமீன் ஒன்று பல வருடம் எங்கள் கிளினிக்கில் இருந்தது. வருகிறவர் போகிறவரையெல்லாம் கண்ணாடி வழியாக முறைத்துப் பார்த்ததால் உதவியாளர் அதற்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர் வைத்தார். அவர் தீனி டப்பாவை எடுத்தாலே மேலே வந்து வாயைத் திறக்கும். நான் வலையோடு போனால் ஃபில்டருக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும். மற்ற நேரமெல்லாம் கூழாங்கல்லை வாயில் எடுத்து, சுவைத்துப் பார்த்து, 'இது சரியில்லை' என்பதுபோல் துப்பும். ஊசிக்குப் பயந்து குரைத்த நாய்கள்கூட அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு அமைதியானதுண்டு.

தங்கமீனுக்கு ஞாபகமே சில நொடிதான் என்ற கதையும் கூடவே சுற்றுகிறது. ஞாபகம் இல்லாத பிராணி செய்கிற வேலையா இதெல்லாம்? பழக்கிய தங்கமீன்கள் கற்றதை மாதக்கணக்கில் மறப்பதில்லை என்று சோதனைகளே காட்டியிருக்கின்றன. 2022-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் சக்கரம் வைத்த தொட்டியில் தங்கமீன்களை விட்டார்கள். மீன் நகரும் திசையைக் கேமரா கவனித்து வண்டியை அந்தப் பக்கம் ஓட்டும். தீனி கிடைக்கும் குறியை நோக்கி வண்டியைக் கொண்டுபோக மீன்கள் கற்றுக்கொண்டன. 'மீன் கார் ஓட்டுகிறது' என்று செய்தி வந்தது. சாலையில் நான் பார்க்கும் சிலரைவிட நன்றாகவே ஓட்டியிருக்கும்.

இந்த ஞாபகக் கதையை நான் பிடித்துத் தொங்குவதற்குக் காரணம் உண்டு. 'அதுக்கு என்ன தெரியப்போகுது, சின்னக் கிண்ணம் போதும்' என்ற முடிவுக்கு அதுதான் துணை போகிறது. அப்புறம் என்னிடம் வந்து, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்" என்பார்கள்.

மீன் தன் கழிவான அமோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியே விடுகிறது. தண்ணீர் கண்ணுக்குப் பளிங்குபோலத் தெரியும்; அமோனியா நிறமில்லாமல் அதில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஃபில்டர் பஞ்சில் வளரும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருகச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புது மீன்கள் அதிகம் சாவது அந்த வாரங்களில்தான். மீன் செத்ததும் வீட்டுக்காரர் தொட்டியையும் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுகிறார். குளோரின் பட்டு மிச்சமிருந்த பாக்டீரியாவும் போகிறது. அடுத்த மீன் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

பஞ்சைக் கழுவ வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் பல தொட்டிகளுக்குப் போதும். மாற்றும் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்தைச் சேர்த்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் ஓரளவு போகும், சில ஊர்களில் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமைன் அப்படிப் போகாது. மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது, துடுப்பை உடம்போடு ஒட்டவைத்துக்கொள்கிறது என்றால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், மருந்து பிறகு. என்னிடம் வருகிறவர்கள் மீனைக் கொண்டுவருவதோடு தொட்டித் தண்ணீரையும் தனிப் பாட்டிலில் எடுத்துவந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்தது.

2017-ல் இன்னொரு தலைப்பு: தங்கமீன் சாராயம் காய்ச்சுகிறதாம். ஓஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழகங்களின் நல்ல ஆய்வுதான் அது. ஆக்சிஜன் இல்லாதபோது லாக்டிக் அமிலம் உடம்பில் சேராமலிருக்க, இந்த மீன்கள் ஆல்கஹால் தயாரித்துச் செவுள் வழியாக வெளியேற்றுகின்றன. பனி உறைந்த ஏரியின் அடியில், உடலியக்கம் மிக மெதுவாக ஓடும்போது பயன்படும் ஏற்பாடு அது. அதைப் படித்துவிட்டு ஏர் பம்பை நிறுத்திவிட்டவரையும் பார்த்திருக்கிறேன். வெதுவெதுப்பான வீட்டுத் தொட்டியில் அந்த வித்தை செல்லாது.

2022 நவம்பரில் பிரான்சில் பிடிபட்ட 30 கிலோ 'ராட்சதத் தங்கமீன்' ஞாபகமிருக்கலாம். அது தங்கமீனே கிடையாது, கெண்டையும் 'கோய்' என்ற அலங்காரக் கெண்டையும் கலந்த கலப்பினம். ஆனால் 2021 ஜூலையில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பர்ன்ஸ்வில் நகர நிர்வாகம் படம் போட்டுக் காட்டிய பெரிய மீன்கள் அசல் தங்கமீன்கள். வீட்டு மீன்களை ஏரியில் விடாதீர்கள் என்று அந்த நிர்வாகம் கெஞ்சியது. தங்கமீன் அடிச்சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், நீர்த்தாவரங்களைப் பிடுங்கும். கிண்ணத்தில் வளராமல் குட்டியாகவே இருந்தது அதன் சுபாவம் என்று நினைத்தோம். வளரவிடாமல் வைத்திருந்தது அங்கிருந்த தண்ணீர்.

வயதும் அப்படித்தான். 1956-ல் இங்கிலாந்தில் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற தங்கமீன் 1999 வரை, 43 வருடம் வாழ்ந்தது. எல்லா மீனும் அவ்வளவு இருக்காது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருடம் சாதாரணம். வாங்கும்போது இதை யோசிக்கிறவர் குறைவு.

வளர்க்க முடியவில்லையா? தொட்டி வைத்திருக்கும் வேறு யாரிடமாவது கொடுங்கள். ஏரி, குளம், கிணறு வேண்டாம். பிழைக்க வழியே இல்லாத மீன் என்றால், தண்ணீரில் மயக்க மருந்து கலந்து வலியில்லாமல் அனுப்பிவைக்க மருத்துவரால் முடியும். ஃப்ரீசரில் வைப்பதும், உயிரோடு கழிவறையில் விட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் அதற்கு மாற்று ஆகாது.