நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வந்தால்

பள்ளிகளில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். ஒரு பிள்ளை கஷ்டத்தில் இருப்பது, அது வாய் திறப்பதற்கு முன்பே வேறு விதங்களில் தெரிந்துவிடும். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். பி.டி. பீரியட் இருக்கும் நாளில் மட்டும் வயிற்றுவலி வரும். எட்டாம் வகுப்பு வரை ஒழுங்காக வந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் லீவு மேல் லீவு போடும். இதற்கெல்லாம் வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் திருநர் பிள்ளைகளிடமும் தன்பால் ஈர்ப்புள்ள பிள்ளைகளிடமும் இவை சேர்ந்தே வருவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

நடையிலோ குரலிலோ நளினம் தெரியும் ஒரு பையனுக்குப் பள்ளியிலேயே பயங்கரமான இடம் பையன்களின் கழிப்பறை. இன்டர்வெல்லில் அந்தப் பக்கம் ஆசிரியர் யாரும் வருவதில்லை. பல இடங்களில் தாழ்ப்பாளும் இருப்பதில்லை. “உனக்கு அந்தப் பக்கம்டா” என்று தள்ளிவிடுவார்கள், கால்சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். அவன் கண்டுபிடிக்கும் ஒரே வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சாயங்காலம் வரை அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வரும், தலைவலி வரும், மதியத்துக்கு மேல் பாடம் மண்டையில் ஏறாது. மருத்துவரிடம் போனால் “நிறைய தண்ணி குடி” என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். ஏன் குடிக்கவில்லை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு தனிக் கழிப்பறையை எந்தப் பிள்ளையும் காரணம் சொல்லாமல் பயன்படுத்தலாம் என்று தலைமையாசிரியர் அறிவித்தால் போதும். சென்னை உயர்நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்பு கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவில், பள்ளி கல்லூரிகளுக்கான வழிகளும் இருக்கின்றன: எந்தப் பாலினத்தவரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை, சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற வசதி, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் விழிப்புணர்வு, இந்தப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர். இந்த விஷயம் தனக்கே புரிய வேண்டும் என்று அந்த நீதிபதி ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்ட பிறகுதான் உத்தரவை எழுதினார். ஆசிரியர்களுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. திருநர் பிள்ளைகளைப் பற்றி மத்திய அரசின் பள்ளிப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2021இல் வெளியிட்ட ஆசிரியர் கையேடுகூட, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே இணையத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

அடுத்தது வகுப்பறை. வருகைப் பதிவில் ஒன்பதாம் எண் வந்தால் போதும், பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். கேட்காதது மாதிரி அடுத்த எண்ணுக்குப் போய்விடும் ஆசிரியரும் அந்தச் சிரிப்புக்கு அனுமதி கொடுத்தவர்தான். பெரிய பிரசங்கம் தேவையில்லை. “இந்த வகுப்பில் யாரையும் அப்படிக் கூப்பிடக் கூடாது” என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். கேலிக்கு ஆளானவன் மட்டுமா அதைக் கேட்கிறான்? தன்னைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடாத இன்னொரு பிள்ளையும் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

எனக்கு அதிகம் பயம் தருவது, நல்லது செய்வதாக நினைத்து ஆசிரியர்கள் வீட்டுக்குப் போடும் போன். ஒரு பையன் பெண்ணுக்கு எழுதிய கடிதம் பிடிபட்டால் திட்டோடு போய்விடும். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு எழுதியது பிடிபட்டால் இரண்டு வீட்டுக்கும் தகவல் போகும், டி.சி. வரைக்கும் பேச்சு போகும். அப்புறம் அடி, மந்திரிப்பு, படிப்பு நிறுத்தம், அவசர அவசரமாக மாப்பிள்ளை. அதனால் பிள்ளை உங்களை நம்பிச் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, “இது வேறு யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியக் கூடாது?” என்பதுதான். உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டாரிடம் சொல்லத்தான் வேண்டும். பாலியல் துன்புறுத்தல் நடந்திருந்தால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். அப்போதும் ஆபத்தைப் பற்றிச் சொன்னால் போதும். பிள்ளை யாரை விரும்புகிறது, தன்னை என்னவாக உணர்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லத் தேவையில்லை.

தானாகவே தெரிந்துகொண்டு வரும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “சரி பண்ணிடலாமா மேடம்?” தன்பால் ஈர்ப்பு நோயே இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இல் வெளிப்படையாகச் சொன்னது. மாற்றிக்காட்டுகிறேன் என்று சிகிச்சை கொடுப்பது மருத்துவருக்கான ஒழுக்க மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. உங்கள் வளர்ப்பில் எந்தத் தப்பும் இல்லை என்பதை அவர்களிடம் அழுத்திச் சொல்வேன். மனதுக்கு ஒப்புக்கொள்ள நாளாகட்டும், படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன். வீட்டில் அடி விழுந்தால் பிள்ளையே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம். மனம் தாங்காத நேரத்தில் பிள்ளையும் பெற்றோரும் அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.