கேஸ் மேனேஜர்: தமிழில் இவர் யார்?

உறவினர் ஒருவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு தமிழ்ப் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: ‘உங்கள் வழக்கு மேலாளர் விரைவில் தொடர்புகொள்வார்.’ பெரியவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “என் மேல யார் வழக்கு போட்டது?” என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தோம். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ‘கேஸ் மேனேஜர்’ என்பதை அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நோயாளி குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார்.

அந்த மேலாளர் உண்மையில் செய்வது என்ன? ஒருவருக்கு ஒரே நேரத்தில் பல தேவைகள் இருக்கின்றன. மருத்துவர்கள் மூன்று பேர், மருந்துக்கடை ஒன்று, வீட்டுக்கு வரும் செவிலியர், உதவித்தொகை தரும் அலுவலகம், வீட்டு வசதியைப் பார்க்கும் இன்னொரு அலுவலகம், இவர்களோடு குடும்பமும். இவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் முரண்படாமல், விட்டுப்போகாமல், ஒரே திட்டத்தில் நடக்கும்படி பார்ப்பது அவர் வேலை. தேவையை மதிப்பிடுவது, திட்டம் வகுப்பது, சேவைகளை ஏற்பாடு செய்வது, நடக்கிறதா என்று கவனிப்பது, நிலைமை மாறினால் திட்டத்தையும் மாற்றுவது. பாடப்புத்தகங்கள் இப்படித்தான் அடுக்கும். அடுக்கிப் பார்த்தால் சுலபமாகத்தான் தெரியும்.

இதய பலவீனம் உள்ள ஒரு முதியவரை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் நீர் கோர்க்காமல் இருக்க மருத்துவர் நீர் பிரியும் மாத்திரை கொடுக்கிறார். அது சரி. நினைவு தடுமாறுவதால் பெரியவர் அதைக் காலையில் மறந்துவிட்டு மாலையில் போட்டுக்கொள்கிறார். இரவில் நாலு முறை எழ வேண்டியிருக்கிறது. கழிப்பறை கீழ்த்தளத்தில். ஒரு நாள் படியில் விழுகிறார். எலும்பு மருத்துவர் எலும்பைச் சரிசெய்து அனுப்புகிறார். வீட்டுக்கு வரும் செவிலியர் காயத்துக்குக் கட்டுப்போடுகிறார். அவரவர் வேலையை அவரவர் சரியாகவே செய்திருக்கிறார்கள். ஆனாலும் அடுத்த மாதம் மறுபடி விழப்போகிறார். மருத்துவரைக் கேட்டு மாத்திரை நேரத்தை உறுதிசெய்து, அதைக் காலையில் எடுத்துத் தர ஒருவரை ஏற்பாடு செய்து, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பு நாற்காலி வைத்து, படியில் கைப்பிடி போடச் சொல்லி வீட்டு வசதி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். இது இதய மருத்துவரின் வேலையும் இல்லை, எலும்பு மருத்துவரின் வேலையும் இல்லை. எல்லோருக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் கேஸ் மேனேஜரின் வேலையிடம்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ‘கேஸ்’ லத்தீனில் ‘காசுஸ்’. விழுதல் என்று பொருள். ஒருவர் மேல் வந்து விழுந்தது, அவருக்கு நேர்ந்தது, அதனால் அவர் இருக்கும் நிலை என்று பொருள் விரிந்து, மருத்துவத்துக்கும் நீதிமன்றத்துக்கும் தனித்தனியாகப் போனது. இலக்கணத்துக்கும் போனது. நாம் ‘வேற்றுமை’ என்று படிக்கிறோமே, அதற்கும் ஆங்கிலத்தில் கேஸ்தான். தமிழில் நீதிமன்றக் கேஸ் ‘வழக்கு’, இலக்கணக் கேஸ் ‘வேற்றுமை’, மருத்துவ, ஆய்வுக் கேஸ் ‘நேர்வு’. நேர்வு மிக நல்ல சொல். ‘என்ன நேர்ந்தது?’ என்று கேட்கிறோமே, அதே வேர். லத்தீன் சொல்லின் உள்ளர்த்தம் அப்படியே இதில் இருக்கிறது. படிவம் எழுதியவர் மூன்றில் தவறானதைப் பிடித்துவிட்டார், அவ்வளவுதான்.

சமூகப் பணியில் இந்தச் சொல் ஊன்றியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் 1917இல் ‘சோஷியல் டயக்னோசிஸ்’ என்ற நூலை எழுதினார். உதவி கேட்டு வருபவரின் குடும்பம், வேலை, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் விசாரித்து, அவருக்கென்று தனியாக உதவியைத் திட்டமிடும் முறையை வகுத்துச் சொன்ன நூல் அது. அந்த முறைக்குப் பெயர் ‘கேஸ் வொர்க்’. மேனேஜர் பிறகு வந்தவர். 1955இல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் சுமார் 5,59,000 பேர் இருந்தார்கள். பிறகு பெரிய மருத்துவமனைகளைக் குறைத்து மக்களை ஊருக்குள்ளேயே வாழவைப்பது என்ற கொள்கை வந்தது. அதற்கான சட்டத்தில் அதிபர் கென்னடி 1963இல் கையெழுத்திட்டார். நல்ல நோக்கம்தான். ஆனால் மருத்துவமனைச் சுவருக்குள் சாப்பாடு, படுக்கை, மருந்து எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. வெளியே வந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒரு படிவம். மனநோயோடு இருப்பவர் இத்தனை கதவுகளை எப்படித் தட்டுவார்? அவருக்காகத் தட்ட ஒருவர் வேண்டியிருந்தது. 1970களில் அந்த ஒருவருக்குக் கேஸ் மேனேஜர் என்று பெயர் நிலைத்தது.

‘மேனேஜ்’ என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. அது இத்தாலிய மொழியில் குதிரையைக் கையால் பழக்குவதைச் சொன்ன சொல். லத்தீனில் ‘மானுஸ்’ என்றால் கை. ஆக, கேஸ் மேனேஜ்மென்டை வேர் வரைக்கும் தோண்டினால் ‘விழுந்ததைக் குதிரை மாதிரி பழக்குதல்’ என்று கிடைக்கும்! வேர்ச்சொல்லை வைத்து ஒரு சொல்லைக் குற்றம் சாட்டக் கூடாதுதான். ஆனால் இந்தச் சொல்லுக்கு உள்ளானவர்களுக்கே அது பிடிக்கவில்லை. நாங்கள் கேஸும் இல்லை, எங்களை யாரும் மேனேஜ் பண்ணவும் வேண்டாம் என்று மனநல சேவை பெறுபவர்கள் எதிர்ப்புச் சொன்னார்கள். இங்கிலாந்தில் 1990இல் புதிய சமூகப் பராமரிப்புச் சட்டம் வந்த சமயத்தில் அரசே ‘கேஸ்’ என்பதை எடுத்துவிட்டு ‘கேர் மேனேஜ்மென்ட்’ என்று மாற்றியது. நிர்வகிக்கப்படுவது பராமரிப்புதான், மனிதர் இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணம்.

தமிழில் ‘மேலாண்மை’ இன்னும் கொஞ்சம் உயரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மேலே இருந்து ஆள்வது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘முகாமைத்துவம்’ அந்த அதிகாரத் தொனி கொஞ்சம் குறைந்தது. ஆனால் நோயாளியிடம் சொல்ல அதுவும் கனமான சொல்தான்.

அடுத்தது ‘கேர்’. பழைய ஆங்கிலத்தில் இது துக்கம், கவலை. லத்தீன் ‘கூரா’விலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள்; ஓசை ஒத்திருக்கிறதே தவிர உறவு இல்லை. கவலைப்படுவதிலிருந்து கவனித்துக்கொள்வதற்குப் பொருள் நகர்ந்தது. நாம் இதற்குப் ‘பராமரிப்பு’ என்று எழுதுகிறோம். வடமொழி வழி வந்த சொல். பழுதில்லை, ஆனால் ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது’ என்று லிஃப்ட் கதவிலும் அதே சொல் தொங்குவதால் கொஞ்சம் இயந்திர வாடை வந்துவிட்டது. வீட்டில் யாரும் ‘அம்மாவை யார் பராமரிக்கிறார்கள்?’ என்று கேட்பதில்லை. ‘யார் பார்த்துக்கிறாங்க?’ என்றுதான் கேட்கிறோம். ஆங்கிலத்தில் கவலையாக இருந்தது தமிழில் பார்வையாக இருக்கிறது. ஆனால் ‘பார்த்துக்கொள்ளல்’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் கடுதாசியில் நிற்காது. எனவே பராமரிப்பை வைத்துக்கொள்ளலாம்.

கேஸ் மேனேஜர் யாருக்குத் தேவை என்று சொல்லும்போது வரும் சொல் ‘காம்ப்ளெக்ஸ் நீட்ஸ்’. அதற்கு எல்லோரும் எழுதுவது ‘சிக்கலான தேவைகள்’. இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. லத்தீன் மூலத்தில் காம்ப்ளெக்ஸ் என்றால் பின்னியது, சடை பின்னுவது போல. சிக்கு என்பது தலைமுடியில் விழும் முடிச்சு. பின்னலும் சிக்கும் முடியில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றா? ‘இவர் சிக்கலான நோயாளி’ என்று சொன்னால் அந்த ஆளே தொல்லை என்பதுபோல் கேட்கிறது. மேலே சொன்ன பெரியவர் சிக்கல் பிடித்தவர் இல்லை. அவருடைய இதயம், நினைவு, மாத்திரை, படிக்கட்டு எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. ஒரு இழையை இழுத்தால் மற்றவை அசையும். ‘பின்னிப் பிணைந்த தேவைகள்’ என்றால் கொஞ்சம் நீளம், ஆனால் உண்மை. சுருக்கம் வேண்டுமென்றால் ‘பன்முகத் தேவைகள்’. அதில் பன்மை வருகிறது, பின்னல் வரவில்லை.

கடைசியாக, அவர் செய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘கோஆர்டினேஷன்’. ‘ஓர்டோ’ என்றால் வரிசை, ஒழுங்கு. ‘கோ’ என்றால் சேர்ந்து. பலவற்றைச் சேர்த்து ஓர் ஒழுங்கில் நிறுத்துவது. தமிழில் ஒருங்கிணைப்பு. இதன் முதல் பாதி மிகப் பழையது. யூனிகோடுக்கு ‘ஒருங்குறி’ என்று பெயர் வைத்தபோது எடுத்ததும் இதையேதான். ‘வேண்டிய வெல்லாம் ஒருங்கு’ என்று 343ஆம் குறளில் வருகிறது. ஒருசேர, ஒரே நேரத்தில் என்று பொருள். ஆனால் நம் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது 733ஆம் குறள்: ‘பொறையொருங்கு மேல்வருங்கால் தாங்கி’. பாரமெல்லாம் ஒன்றாகத் தன்மேல் வந்து இறங்கும்போது அதைத் தாங்குவது. வள்ளுவர் அங்கே நாட்டைப் பற்றிப் பேசுகிறார். இருந்தாலும், பல நோயும் வறுமையும் தனிமையும் ஒரே வாரத்தில் ஒருவர் தலையில் வந்து இறங்குவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ‘பொறையொருங்கு’ என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், திரும்பி வருகிறேன்.

ஒருங்கிணைப்பில் இருக்கும் தொல்லை என்னவென்றால், அது இரண்டு வேலை பார்க்கிறது. ‘கோஆர்டினேஷன்’ என்றாலும் ஒருங்கிணைப்பு, ‘இன்டெக்ரேஷன்’ என்றாலும் ஒருங்கிணைப்பு. இந்தத் துறையில் இரண்டும் வேறு. வால்டர் லூட்ஸ் என்ற ஆய்வாளர் 1999இல் மருத்துவ, சமூக சேவைகளைச் சேர்ப்பதில் மூன்று படிகளைப் பிரித்துக் காட்டினார். ஒருவரை இன்னோர் இடத்துக்கு வழிகாட்டி அனுப்பும் தொடர்பு முதல் படி. அமைப்புகள் தனித்தனியாகவே இருக்க, நடுவில் ஆள் வைத்து, தகவல் பகிர்ந்து, ஒரு திட்டத்தில் நடத்துவது இரண்டாவது. எல்லாச் சேவைகளையும் நிதியையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவருவது மூன்றாவது. மூன்றாவதற்குப் பெயர்பெற்ற உதாரணம் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் பகுதியில் 1970களின் தொடக்கத்தில் உருவான ‘ஆன் லோக்’ என்ற முதியோர் பராமரிப்பு அமைப்பு. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், முதியோரை ஏற்றி வரும் வண்டியின் ஓட்டுநர் வரை எல்லோரும் ஒரே குழு. இப்படி எல்லோருக்கும் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது என்பதும் லூட்ஸ் சொன்னதே. தேவைகள் மிகவும் பின்னியிருக்கும் சிலருக்குத்தான் மூன்றாவது படி. பெரும்பாலானவர்களுக்கு முதல் படி போதும்.

மூன்று படிக்கும் ஒரே சொல்லைப் போட்டால் தமிழில் எழுதப்படும் கொள்கை அறிக்கையில் என்ன செய்யப்போகிறார்கள் என்றே தெரியாது. ஆங்கிலக்காரர்கள் மட்டும் தெளிவாக இருந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2007இல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்றுக்காகச் செய்த தொகுப்பில் ‘கேர் கோஆர்டினேஷன்’ என்பதற்கு மட்டும் 40க்கும் மேற்பட்ட வரையறைகள் சிக்கின. ஆனாலும் நம்மால் முடிந்த அளவு பிரித்துக்கொள்ளலாம். முதல் படிக்கு ‘தொடர்பு’. மூன்றாவதற்கு ‘ஒருங்கிணைப்பு’, இணைத்துவிட்டார்கள் என்பது அதில் தெளிவு. நடுவில் இருப்பதற்கு ‘ஒருங்கமைப்பு’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை. இங்கே யாரும் யாரோடும் இணைந்துவிடவில்லை. இருப்பவற்றை ஒன்றோடொன்று பொருந்த அமைக்கிறார்கள். லத்தீனின் ‘ஒழுங்கு’ம் அமைப்பில் ஓரளவு வந்துவிடும். வேதியியல் பாடத்தில் கோஆர்டினேஷனுக்கு ‘அணைவு’ என்று இன்னும் அழகான சொல் இருக்கிறது. நடுவில் ஓர் அணு, அதைச் சுற்றிப் பிணைந்து நிற்கும் ‘ஈனிகள்’ என்ற துகள்கள். நோயாளியை நடுவில் வைத்துச் சேவைகள் சூழ்ந்து நிற்பது போன்ற படம். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘பராமரிப்பு அணைவு’ என்று எழுதினால் பத்துப் பேரில் ஒன்பது பேர் அச்சுப்பிழை என்பார்கள்.

சரி, வேலைக்குப் பெயர் கிடைத்தது: பராமரிப்பு ஒருங்கமைப்பு. ஆளுக்கு? இந்தியாவில் ‘ஒருங்கிணைப்பாளர்’, இலங்கையில் ‘இணைப்பாளர்’ என்கிறார்கள். இரண்டும் விழா மேடையில் அழைக்கிற பெயர்கள், வீட்டில் ஒட்டாது. குறளுக்குப் போனால் மருந்து அதிகாரத்தில், 950ஆம் குறளில், நோயாளி, மருத்துவர், மருந்து இவற்றோடு நாலாவதாக ‘உழைச்செல்வான்’ ஒருவர் நிற்கிறார். உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து மருந்தைப் பிழையில்லாமல் கொடுப்பவர். பொருளில் இதைவிடப் பொருத்தம் கிடையாது. ஆனால் இன்று படிப்பவர் ‘உழைத்துச் செல்வம் சேர்த்தவர்’ என்று புரிந்துகொண்டால் அவர்மேல் குற்றமில்லை.

வீட்டில் என்ன சொல்கிறோம்? ‘இதுக்கெல்லாம் யார் பொறுப்பு?’ என்கிறோம். பொறுப்பும் ‘பொறையொருங்கு’ என்பதில் இருக்கும் பொறையும் ஒரே வேர், பொறு, அதாவது தாங்கு. பாரம் ஒருங்கே வரும்போது தாங்குபவர் பொறுப்பாளர். எனவே கேஸ் மேனேஜருக்குத் தமிழ் ‘பராமரிப்புப் பொறுப்பாளர்’ என்றே நான் எழுதுவேன். அதில் நோயாளி வழக்கும் ஆகவில்லை, யாரும் மேலே ஏறி ஆளவும் இல்லை.

ஒரு நிபந்தனை உண்டு. 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் முதியோருக்காக ஒரு திட்டம் நடந்தது. அங்கே சமூகப் பணியாளர் கையிலேயே ஒரு வரம்புக்குள் செலவுப் பணமும் இருந்தது. அண்டை வீட்டுக்காரருக்கு ஒரு தொகை கொடுத்து, இரவில் வந்து எட்டிப்பாருங்கள் என்று ஏற்பாடு செய்ய அவரால் முடிந்தது. வேறு பல இடங்களில் அவர் கையில் இருப்பது தொலைபேசி மட்டும். கைப்பிடி போடச் சொல்லி எழுதலாம், போட வைக்க முடியாது. அப்படிப்பட்டவரை அனுப்பும் அலுவலகம் படிவத்தில் ‘பொறுப்பாளர்’ என்று போடாமல் இருப்பது நல்லது. ‘தொடர்பாளர்’ என்று போட்டால் பெரியவரும் அதற்கேற்ப எதிர்பார்ப்பார்.