எண்ணுவதற்கு முன் கோப்பைப் பாருங்கள்

நாவலாசிரியர் ஒருவரின் நடையைக் கணினி வழியாக ஆராய்ந்தேன் என்று மாணவர்கள் வரும்போது, நான் முதலில் கேட்பது அட்டவணையை அல்ல, மூலக் கோப்பைத்தான். வோயன்ட், ஆன்ட்காங்க் போன்ற சொல் எண்ணும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நாவலை உள்ளே போட்டதும் சொற்பட்டியல் வந்துவிடும். உடனே ‘இதுதான் கல்கியின் நடை’ என்று எழுதிவிடாதீர்கள்.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் நாவல்களை வைத்து ஜான் பர்ரோஸ் என்ற ஆய்வாளர் 1987இல் ஒன்றைக் காட்டினார்: நடையின் அடையாளம் அரிய சொற்களில் மட்டும் இல்லை, யாரும் கவனிக்காத மிகச் சாதாரணச் சொற்களிலும் இருக்கிறது. தமிழில் ‘அந்த’ அப்படி ஒரு சொல். ஆனால் அந்த மரம், அந்தக் காடு, அந்தச் செடி, அந்தத் தெரு, அந்தப் பெண் என்று வந்தால் கருவி அதை ஐந்து சொல்லாக எண்ணும். போதாக்குறைக்கு, ஒற்றைப் போடுவதும் எடுப்பதும் பல நேரம் மெய்ப்புப் பார்ப்பவரின் வேலை. இரண்டு பதிப்பகங்களின் நூல்களை ஒப்பிட்டு ‘நடை வேறுபாடு’ என்று எழுதினால், அளந்தது எழுத்தாளரையா, மெய்ப்புத் திருத்தியவரையா?

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் விதத்தில் வரும் சிக்கல் இன்னும் மோசம். புள்ளியையும் துணைக்காலையும் எழுத்தாகக் கருதாத நிரல், ‘வந்தான்’ என்பதை ‘வந’, ‘த’, ‘ன’ என்று மூன்றாக உடைத்துவிடும். ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், திரையில் ஒன்றாகத் தெரியும், எண்ணிக்கையில் பிரிந்துவிடும். அதனால் நார்மலைசேஷன், அதாவது இப்படிப்பட்ட வடிவங்களை ஒன்றாக்கும் வேலை, செய்யாத கோப்பை நான் தொடுவதே இல்லை.

அப்புறம், ஆங்கில ஆய்வைப் பார்த்து ‘அவன்’, ‘அவள்’ எத்தனை என்று எண்ணுகிறார்கள். நம் வினைமுற்றே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுகிறது, அதனால் அந்தச் சொற்கள் பல இடங்களில் வராமலே போகும். ‘வந்தானே’, ‘வந்தானோ’ என்று விகுதிக்குப் பின் ஒட்டும் ஏகார ஓகாரங்களைத் தேடினால் நடை கூடுதலாகப் பிடிபடும்.

சரி, கோப்பு சுத்தமாகிவிட்டதா? தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் கிடைக்கும் பொன்னியின் செல்வனை எடுத்துக்கொண்டு ‘நேயர்*’ என்று தேடுங்கள். நட்சத்திரக் குறி இருந்தால் நேயர்களை, நேயர்களுக்கு எல்லாம் சேர்ந்து வரும். முதல் வாக்கியத்திலேயே நேயர்களை அழைக்கும் கதைசொல்லி கல்கி. பிறகு எங்கெல்லாம் நம் பக்கம் திரும்புகிறார் என்று ஒவ்வொரு வரியையும் முன்பின் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த நாவல் என்பதால், அத்தியாயத் தொடக்கங்களையும் முடிவுகளையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள்.