கல்யாணத்துக்கு முன் வரும் பழைய ஃபைல்

பினாங்கில் என் கிளினிக்குக்கு வரும் சில இளைஞர்கள் ‘நீர்க்கடுப்பு’ என்று சொல்லித்தான் நம்பர் எடுப்பார்கள். கதவைச் சாத்தியதும் பேச்சு மாறும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) தரையைப் பார்த்தபடி கேட்டார்: “தை மாசம் கல்யாணம் டாக்டர். பண்ணிக்கலாமா?”

வெளியே அவர் அம்மா, மஞ்சளாகிப் போன ஆஸ்பத்திரி அட்டையைப் பிளாஸ்டிக் பையோடு மடியில் வைத்திருந்தார். இரண்டு வயதில் ஹைப்போஸ்பேடியாஸ் அறுவை சிகிச்சை. சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் அமைந்துவிடும் பிறவிக் குறை அது. சுமார் 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும். மகனிடம் “சின்னத் தையல்” என்பதோடு சரி. பள்ளியில் “நீ என்ன சுன்னத் பண்ணியிருக்கியா?” என்று கேலி. முன்தோலை எடுத்துத்தான் துவாரத்தைச் சரிசெய்திருக்கிறார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது. (இந்தக் குறை உள்ள குழந்தைக்கு முதலிலேயே சுன்னத் செய்துவிடக் கூடாது என்பதும் இதனால்தான். தமிழ் முஸ்லிம் பெற்றோர் கவனிக்க.) இன்றுவரை பொதுக் கழிப்பறையில் கதவு உள்ள அறை காலியாகும்வரை காத்திருக்கிறார்.

அவர் பயந்ததெல்லாம் முதலிரவை நினைத்து. விறைப்பின்போது வளைவு எவ்வளவு என்று பார்க்க, வீட்டிலேயே கைப்பேசியில் படம் எடுத்துவரச் சொன்னேன். கூச்சம்தான், ஆனால் கிளினிக்கில் சோதிப்பதைவிட இது எளிது. 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் உறவுக்குத் தடையில்லை. அவருடையது அதற்கும் குறைவு. விந்து பீச்சாமல் கசிவதால் ஆண்மை இல்லை என்று முடிவு கட்டியிருந்தார். புதிதாக அமைத்த குழாயைச் சுற்றி இயல்பான பஞ்சுத்திசு இல்லாதபோது அப்படி நடக்கும். விந்தணுவின் தரம் வேறு விஷயம். பரிசோதனையில் எண்ணிக்கை சரியாகவே இருந்தது.

எனக்குக் கவலை வேறு. சிறுநீர் மெலிதாக, முக்கி முக்கிப் போகிறது என்றார். பழைய தழும்பு இருபது, முப்பது வருஷம் கழித்தும் சுருங்கி அடைக்கலாம். முடி வளரும் தோலை வைத்துத் தைத்திருந்தால் குழாய்க்குள் முடி வளர்ந்து கல் சேரும். கல்யாணத்துக்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்த முறை கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணோடு வந்தார். எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டிருந்தார். அந்தப் பெண் ஒன்றுதான் கேட்டார்: “பிள்ளைக்கும் வருமா டாக்டர்?” மற்றவர்களைவிட வாய்ப்பு கூடுதல்தான், ஆனால் பெரும்பாலும் வராது என்றேன். “அப்ப சரி, பொறந்ததும் பாத்துக்குவோம்” என்று சொல்லிவிட்டு, தம்பியின் ஸ்கேன் தேதியைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.