புரோட்டோகால்: பசையில பொறந்த ஒரு சொல்

2021 செப்டம்பர் 5, அமெரிக்காவுல நாஷ்வில் ஊரு. அன்னைக்கு ராத்திரி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வேர்ல்ட் கப் தகுதிச் சுற்று ஃபுட்பால் மேட்ச். ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி அமெரிக்க மிட்ஃபீல்டர் வெஸ்டன் மெக்கென்னி இன்ஸ்டாகிராம்ல ஒரு சேதி போட்டாரு. டீமோட கோவிட் புரோட்டோகாலை மீறிட்டேன், அதனால இன்னைக்கு மேட்ச்சுக்கு சஸ்பெண்ட், செஞ்சதுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன், ஓரத்துல நின்னு பசங்களுக்கு உற்சாகம் குடுப்பேன்னு. அப்ப அவருக்கு 23 வயசு முடிஞ்சு ஒரு வாரம்தான் ஆயிருந்துது.

இந்தச் சேதிய தமிழ்ல எழுதணும்னா அந்த புரோட்டோகால்ங்கற எடத்துல என்ன போடுவீங்க? நெறைய பேரு யோசிக்காம "விதி"ன்னு போட்டுடறாங்க, கொரோனா விதியை மீறிய வீரர்னு தலைப்பு ரெடியாயிடுது. எனக்கு அது சரியாப் படல. ஏன்னு சொல்லணும்னா சொல்லோட கதைய மொதல்லேர்ந்து பாக்கணும்.

இப்ப இந்தச் சொல்ல எங்கெல்லாம் கேக்கறோம்? மந்திரி வந்தா யாரு முன்னாடி நிக்கணும், யாரு பொக்கே குடுக்கணும், எந்தக் காருக்குப் பின்னாடி எந்தக் காரு போகணும், அது புரோட்டோகால். கேன்சர் வார்டுல இந்த மருந்து இத்தன நாள், அப்புறம் ரத்த டெஸ்ட், அது சரியா இருந்தா அடுத்த டோஸ்னு எழுதி வெச்சிருக்காங்களே, அதுவும் புரோட்டோகால். நாடுங்க கூடி கையெழுத்துப் போட்ட 1987 மாண்ட்ரியல், 1997 கியோட்டோ ஒப்பந்தங்க, ரெண்டோட பேருலயும் இதே சொல்தான். பிரவுசர்ல ஹெச்டிடிபின்னு வருதே, அதுல கடைசியா இருக்கற "பி"யும் ஐபி அட்ரஸ்ல வர்ற "பி"யும் இதுதாங்க. பிரிட்டன் தேசிய இயற்பியல் ஆய்வகத்துல வேலை பாத்த ரோஜர் ஸ்கேன்டில்பரியும் கீத் பார்ட்லெட்டும் 1967-ல எழுதின ஒரு குறிப்புலதான் கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற முறைக்கு இந்தப் பேர வெச்சாங்க.

எல்லாத்துலயும் ஓடற விஷயம் ஒண்ணுதான். யாரு, எப்ப, எந்த வரிசையில, என்ன செய்யணும்னு சம்பந்தப்பட்டவங்க முன்கூட்டியே வகுத்து வெச்சுக்கறது.

சரி, சொல் எங்கேர்ந்து வந்துது? கிரேக்கத்துல "புரோட்டோஸ்"னா முதல், "கொல்லா"ன்னா பசை. ரெண்டும் சேந்து "புரோட்டோகொல்லோன்", அதாவது முதல்ல ஒட்டுன தாளு. அந்தக் காலத்துல எகிப்துலேர்ந்து வந்த பாப்பிரஸ்லதான் எழுதுவாங்க. நைல் ஆத்தோரம் வளர்ற கோரை மாதிரிச் செடி, அதோட தண்ட மெல்லிசா நீளவாட்டுல சீவி, நெடுக்க ஒரு அடுக்கு, குறுக்க ஒரு அடுக்கு வெச்சு அழுத்துனா ஒரு தாளு. அந்தத் தாளுங்கள ஓரத்துல பசை தடவி வரிசையா ஒட்டிக்கிட்டே போனா நீளமான சுருள். அந்தப் பசைய எப்படிக் காய்ச்சுனாங்கன்னு ரோமானியர் பிளினி எழுதி வெச்சிருக்காரு: நல்ல மாவு, கொதிக்கிற தண்ணி, அதுல துளி வினிகர். படிச்சதும் எனக்கு எங்க வீட்டு அடுப்படிதான் ஞாபகம் வந்துது. ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கறப்ப நோட்டுக்கு அட்டை போட மைதாவ கரைச்சு ஒட்டற பதம் வர்ற வரைக்கும் அம்மா கிண்டுவாங்க, பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இதே வேலையத்தான் எங்கயோ ஒருத்தர் உக்காந்து செஞ்சிருக்காரு.

சுருட்டி வெச்சா மொதல் தாளுதான் வெளிப்பக்கம் நிக்கும். தேயறதும் கிழியறதும் அதுதான், அதனால அத மட்டும் நார் ஓட்டம் குறுக்க வர்ற மாதிரி திருப்பி ஒட்டுவாங்களாம், உள்ள இருக்கற தாளுங்களுக்கு ஒரு காப்பு மாதிரி. பிற்பாடு அந்தத் தாள்ல பொறுப்பான அதிகாரி பேரு, தேதியெல்லாம் எழுத ஆரம்பிச்சாங்க, நம்ம ஊரு முத்திரைத்தாளுக்கு மேல இருக்கற அச்சு மாதிரின்னு வெச்சுக்கங்க. 6-ஆம் நூற்றாண்டுல ஜஸ்டினியன் பேரரசர் ஒரு சட்டமே போட்டாரு, கான்ஸ்டான்டினோபிள்ல பத்திரம் எழுதறவங்க அந்த மொதல் தாள வெட்டி எடுக்கக் கூடாதுன்னு. ஏன்னா போலிப் பத்திரம் பெருகிப் போச்சு, மொதல் தாளு இருந்தாத்தான் உள்ள எழுதுனத நம்பலாம். இந்த எடம் எனக்கு ரொம்பப் புடிக்கும், ஏன்னா இன்னைக்கு இருக்கற அர்த்தத்தோட வேரு இங்கதான் கெடக்கு: மொதல் தாள வெட்டிட்டா மிச்சச் சுருள்ல ஒரு எழுத்து மாறலன்னாலும் அத யாரும் நம்ப மாட்டாங்க.

அங்கேர்ந்து லத்தீன்ல புரோட்டோகொல்லம், அப்புறம் ஃபிரெஞ்சு, 16-ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷ். மொதல்ல பத்திரத்தோட மூலப் பிரதி, அப்புறம் ஒப்பந்தம் பேசறப்ப எழுதிக்கற குறிப்பு, அப்புறம் ராஜதந்திரிங்க நடந்துக்கற முறைன்னு அர்த்தம் நகந்துக்கிட்டே வந்துது. தோலுக்கு நல்லதுன்னு விக்கறாங்களே கோலாஜென், அந்தப் பேருலயும் இதே "கொல்லா"தான் இருக்கு, வெட்டி ஒட்டி செய்யற கொலாஜ் படத்துலயும்.

இப்ப நாஷ்வில்லுக்குத் திரும்பி வருவோம். அந்த வாரம் டீம் இருந்தது பபுள்னு சொல்ற ஏற்பாட்டுக்குள்ள, ஹோட்டல், பஸ், மைதானம் தவிர வெளி ஆளுங்களோட தொடர்பே கூடாது. மெக்கென்னி ஒரு ராத்திரி பபுளுக்கு வெளிய தங்குனாரு, இன்னொரு தடவ அனுமதி இல்லாத ஆள ஹோட்டலுக்குள்ள கூட்டிட்டு வந்தாருன்னு செய்தி வந்துது. கோச் கிரெக் பெர்ஹால்டர் அவர கனடா மேட்ச்லேர்ந்து எடுத்தாரு, மேட்ச் 1-1 டிரா. அதுக்கு மூணு நாளைக்கு முன்னாடி எல் சால்வடோர்லயும் 0-0, ஆக ரெண்டு மேட்ச்ல ரெண்டே பாயிண்ட். நடுக்களத்துல அவர் எவ்ளோ முக்கியம்னு எல்லாருக்கும் தெரியும், அப்படியும் அடுத்த ஹோண்டுராஸ் மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போகாம அவரோட இத்தாலி கிளப்பான யுவென்டஸுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க.

கடுமையா தெரியலாம். ஆனா அதே வாரம்தான் அதே டீமோட கோல்கீப்பர் ஸாக் ஸ்டெஃபனுக்கு கோவிட் பாசிட்டிவ் வந்துது, இன்னொரு ஆட்டக்காரர் புலிசிக் அப்பத்தான் கோவிட்லேர்ந்து தேறி வந்திருந்தாரு. ஒரே பஸ்ல, ஒரே சாப்பாட்டு ரூம்ல இருக்கற இருவது முப்பது பேருல ஒருத்தர் வெளிய போயிட்டு வந்தா மிச்ச எல்லாரும் அடைஞ்சு கெடந்ததுக்கு அர்த்தமே இல்ல. பெர்ஹால்டர் பண்ணது சரின்னுதான் நான் நெனைக்கறேன், முக்கியமான ஆளுங்கறதுக்காக விட்டிருந்தா அடைஞ்சு கெடந்த மத்த பசங்க மூஞ்சிய அவரு எப்படிப் பாத்திருப்பாரு?

இதுல கவனிங்க, மெக்கென்னி ஃபுட்பால் விதி எதையும் மீறல. ஆஃப்சைடு, ஹேண்ட்பால், ஃபவுல், அதெல்லாம் விதி, மீறுனா ரெஃப்ரி விசில் ஊதுவாரு, கார்டு காட்டுவாரு. உலக ஃபுட்பால் அமைப்பு ஃபிஃபாவோ, வட அமெரிக்கப் பகுதி அமைப்பு கான்ககாஃபோ அவருக்குத் தடை போடல, போட்டது சொந்த டீமு. விதின்னா மேல இருக்கற ஒரு அதிகாரம் எல்லாருக்கும் பொதுவா விதிக்கறது, அதனாலதான் தலைவிதின்னும் சொல்றோம், நம்ம கையில இல்லாத ஒண்ணு. டீமு தனக்குத் தானே வகுத்துக்கிட்டது அந்த ரகம் இல்லைங்க.

விதி பொருந்தற எடமும் இருக்கு. 2020 செப்டம்பர்ல இங்கிலாந்து டீம் ஐஸ்லாந்து போயிருந்தப்ப ஃபில் ஃபோடனும் மேசன் கிரீன்வுட்டும் குவாரண்டைன மீறிட்டாங்க. அதுக்கு முந்தின நாள்தான் ரெண்டு பேரும் நாட்டுக்காக மொத மேட்ச் ஆடி முடிச்சிருந்தாங்க, கோச் சவுத்கேட் ஊருக்கு அனுப்பிட்டாரு. அங்க மீறுனது ஐஸ்லாந்து அரசாங்கத்தோட சட்டம், போலீஸ் அபராதம் போட்டுது. அத தாராளமா விதிமீறல்னு எழுதலாம்.

மெக்கென்னியே 2021 மார்ச் கடைசில இன்னொரு விஷயத்துல மாட்டினாரு. டூரின்ல அவர் வீட்டுல நடந்த பார்ட்டில அவரோட யுவென்டஸ்ல ஆடற டிபாலா, ஆர்தர் ரெண்டு பேரும் இருந்தாங்க, அப்ப இத்தாலியில ஆளுங்க ஒண்ணாக் கூடறதுக்கே தடை. அதே ஊரு டொரினோ கிளப்போட நடந்த டெர்பி மேட்ச்ல மூணு பேரையும் யுவென்டஸ் எடுக்கல. இதுக்குச் சரியான சொல்லு கட்டுப்பாடு. ஊரடங்கு கட்டுப்பாடுன்னு நாமளே சொல்லிப் பழகினதுதான, ஊர்க்கட்டுப்பாடுன்னு பாட்டன் காலத்துலேர்ந்து இருக்கற சொல்லு. ஆனா கட்டுப்பாடுன்னா இது கூடாது, அது கூடாதுங்கறது மட்டும்தான் வரும். டீம் புரோட்டோகால்ல செய்ய வேண்டியதும் இருக்கு, இத்தன நாளைக்கு ஒருக்கா டெஸ்ட், மாஸ்க் எங்க போடணும், யார் யாரு பக்கத்துல உக்காந்து சாப்பிடறதுன்னு. அதக் கட்டுப்பாடுங்கற சொல்லு முழுசாத் தாங்காது.

அதனாலதான் நான் நெறிமுறைன்னு எழுதச் சொல்றேன். தமிழ்நாட்டுல கொரோனா சமயத்துல அரசாணையில எல்லாம் "வழிகாட்டு நெறிமுறைகள்"னு வந்துச்சே, காதுக்குப் பழகின சொல்லுதான். நெறின்னா வழி, பாதை. "ஒழுக்க நெறிநின்றார்"னு வள்ளுவர் சொல்றப்ப வழியில நிக்கறவங்கன்னுதான் வருது, நிகழ்ச்சி நடத்தறவர நெறியாளர்ங்கறதும் பேச்ச வழியில கொண்டு போறதால. முறைன்னா ஒழுங்கு மட்டும் இல்ல, அவங்கவங்க பங்குங்கற அர்த்தமும் இருக்கு. சென்னையில ஒண்டுக்குடித்தனத்துல இருந்தவங்களுக்கு முறைவாசல் தெரியும்: இன்னைக்கு வாசல் தெளிச்சுக் கோலம் போட வேண்டியது எந்தக் குடித்தனம், நாளைக்கு எந்தக் குடித்தனம்னு. ஒருத்தர் தன் முறைய விட்டுட்டா மொத்த வீட்டு வாசலும் அன்னைக்கு வெறும் வாசல்தான். நாஷ்வில் ஹோட்டல்ல நடந்தத இத விடச் சரியா சொல்ற சொல் எனக்குத் தெரியல.

ஒரு குறையும் சொல்லிடறேன். நெறிங்கறதுல நன்னெறி வாசனை இருக்கு, ஊடக நெறிமுறைன்னா ஒழுக்கம்னுதான் நெனைக்கத் தோணும். அதனால இலங்கைத் தமிழ்ல வர்ற "சுகாதார நடைமுறைகள்"ங்கறதும் நல்ல சொல்லுதான், இன்னும் எளிமை. பபுளுக்கும் அவங்க "உயிர்க்குமிழி"ன்னு எழுதறாங்க, 2021-ல குசல் மெண்டிஸ், டிக்வெல்ல, குணதிலக்க மூணு பேரும் இங்கிலாந்துல டர்ஹாம் ஊர்ல அதத் தாண்டிப் போய் இலங்கை கிரிக்கெட் டீம்லேர்ந்து திருப்பி அனுப்பப்பட்டப்ப அந்தச் சொல் அங்க நல்லாப் பொழங்குச்சு. விஐபி சமாச்சாரத்துக்கு மட்டும் நெறிமுறை வேணாம், அதுக்கு "மரபு" இருக்கு. ஆளுநர வரவேற்கப் போகலன்னா மரபு மீறல்னு பேப்பர்ல போடறாங்க, அது அப்படியே இருக்கட்டும். கம்ப்யூட்டருக்கு நெறிமுறை ஏற்கனவே பழகிடுச்சு.

கூடவே அந்த சஸ்பெண்டையும் பாத்துடலாம். லத்தீன்ல அதோட வேருக்கு கீழ தொங்க விடறதுன்னு பொருள், "முடிவு சொல்லாம தொங்கல்ல விட்டுட்டாங்க"ன்னு நாம சொல்றோமே, அச்சு அசல் அதேதான். தமிழ்ல இடைநீக்கம், இலங்கையில இடைநிறுத்தம். தலைப்புல எடம் பத்தலன்னு "இடை"ய வெட்டிட்டு வெறும் "நீக்கம்"னு போட்டுடறாங்க, அது பெரிய தப்பு, நீக்கம்னா கதை முடிஞ்சுதுன்னு ஆயிடும். மெக்கென்னி கதை முடியல. அடுத்த மாசமே அவர டீமுக்குத் திரும்பக் கூப்பிட்டாங்க, நவம்பர் 12-ந் தேதி சின்சினாட்டில மெக்சிகோவுக்கு எதிரா 85-வது நிமிஷம் ரெண்டாவது கோல் அவரோடது, 2-0 ஜெயிப்பு. அந்த "இடை"ங்கற ரெண்டு எழுத்துக்குள்ளதான் அந்த ரெண்டு மாசமும் இருக்கு.

ஆகவே அந்த சேதிய நான் எழுதுனா இப்படித்தான் எழுதுவேன்: "அணியின் சுகாதார நெறிமுறையை மீறியதால் மெக்கென்னி இடைநீக்கம்."